வயல் பூத்து முடிஞ்ச பிறகு பம்பிள்பீ என்ன சாப்பிடும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல விவசாய நிலத்தை நம்பி வாழுற காட்டு பம்பிள்பீ (தேனீக்கு சொந்தக்கார, குண்டான பூச்சி) பத்தி ஒரு குட்டிக் கட்டுரை வந்திருந்துச்சு இல்லையா, அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல. அதனால இந்தத் தடவை பகுதி முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேர்த்திருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: சார், கட்டையில ஓட்டை போட்டுக்கிட்டு ‘ஙொய்’னு சுத்துமே, பளபளன்னு கறுப்பா பெருசா, அதுதானே பம்பிள்பீ?

இல்லைங்க, அது தச்சுத்தேனீ, கார்பென்டர் பீ. அதோட வயிறு மொட்டையா, எண்ணெய் தடவுன மாதிரி மின்னும். பம்பிள்பீக்கு தலையில இருந்து வால் வரைக்கும் கம்பளி போட்ட மாதிரி முடி, மஞ்சள் கறுப்புப் பட்டை, சில இனத்துக்கு வால் வெள்ளையா இருக்கும், சிலதுக்கு செங்கல் நிறம். உலகத்துல 250 இனத்துக்கு மேல இருக்கு, பெரும்பாலும் குளிர் பிரதேசத்து ஆளு. ஐரோப்பா, வட அமெரிக்கா, இமயமலை, திபெத்து பக்கம் எல்லாம் நிறைய. வெப்பமான சமவெளியில வாழுற இனம் ரொம்ப கொஞ்சம்தான்.

கேள்வி: ஐரோப்பாவுல கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் மஞ்சளா ரேப்சீட் (கடுகு குடும்பத்து எண்ணெய் வித்துப் பயிர்) பூத்திருக்கிற போட்டோ பார்க்கிறோம். அவ்வளவு பூ இருந்தும் பம்பிள்பீ குறையுதுன்னு எழுதியிருக்கீங்க. பூ இருக்கிற இடத்துல பசி எப்படி சார் வரும்?

இந்தக் கேள்விதான் அதிகம் பேர் கேட்டது. சொல்லப்போனா முழு விஷயமும் இதுக்குள்ளதான் இருக்கு.

முதல்ல அதோட வருஷம் எப்படி ஓடுதுன்னு பார்க்கணும். தேனீக் கூட்டுல ஆயிரக்கணக்குல தேனீங்க சேர்ந்து குளிர்காலத்தை ஓட்டும், அதுக்குத்தான் அவ்வளவு தேனை சேர்த்து வைக்குது. பம்பிள்பீ அப்படி இல்ல. இலையுதிர் காலத்தோட பழைய ராணி, வேலைக்காரத் தேனீ, ஆண் எல்லாமே செத்துடும், மிஞ்சுறது அந்த வருஷம் பிறந்து இணை சேர்ந்த புது ராணிங்க மட்டும்தான். அது தனியா மண்ணுக்குள்ள போய் தூங்கி, வசந்தத்துல ஒத்த ஆளா எழுந்து வந்து, சாப்பாடு தேடி, கூட்டுக்கு இடம் பிடிச்சு, முட்டை போட்டு, அடைகாத்து, எல்லாம் அதுவே பண்ணணும். மெழுகுல ஒரு சின்னக் குடம் செஞ்சு அதுல தேன் ஊத்தி வச்சுட்டு, அதைப் பார்த்த மாதிரியே முட்டைங்க மேல உட்கார்ந்துக்கும், எதுக்குன்னா எழுந்திரிக்காமலே நாக்கை நீட்டி குடிச்சுக்கலாம், எழுந்தா முட்டை ஆறிப்போகும். பறக்கிற தசையை இறக்கை அசையாம நடுங்க வச்சு சூடு உண்டாக்கி, கிட்டத்தட்ட 30 டிகிரியில குஞ்சுங்களை வச்சிருக்கும். அந்தக் குடத்துல இருக்கிறது ரொம்ப கொஞ்சம், ரெண்டு மூணு நாள் மழை விடாம பிடிச்சா காலி.

இப்போ உங்க மஞ்சள் வயலுக்கு வருவோம். ரேப்சீட் அங்க ஏப்ரல், மே மாசத்துல மூணு நாலு வாரம் பூக்கும். அந்த நேரத்துக்கு அது விருந்துதான், சந்தேகமே இல்ல. ஜெர்மனியில 2003-ல வந்த ஒரு ஆய்வு, சுற்றுவட்டாரத்துல இந்த மாதிரி மொத்தமா பூக்கிற பயிர் அதிகமா இருந்தா பம்பிள்பீ எண்ணிக்கையும் அதிகமா இருக்குன்னு காட்டுச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். அதே குழு 2009-ல இன்னொண்ணு சொன்னாங்க, அதைத்தான் யாரும் பெருசா பேச மாட்டேங்கிறாங்க. சீக்கிரம் பூக்கிற அந்தப் பயிரால கூடு ஆரம்பத்துல நல்லா வளருது, ஆனா கடைசியில பிறக்கிற புது ராணி, ஆண் எண்ணிக்கை கூடல. அடுத்த வருஷத்துக்குப் போறது ராணி மட்டும்தானே, ராணி கூடலைன்னா வேலைக்காரங்க எத்தனை கூடியும் அடுத்த வசந்தத்துக்கு கணக்கு அதே தான்.

ஏன்னா ராணி வளர்க்கிறது ஜூலை, ஆகஸ்ட் வாக்குல. அப்போ ரேப்சீட் காய் பிடிச்சு முத்திப் போயிருக்கும், அடுத்த வயல் கோதுமை, அதுல தேனே கிடையாது, வரப்பு ஓரத்துப் பூவை எல்லாம் களைக்கொல்லி அடிச்சு சுத்தம் பண்ணியாச்சு. கூட்டுல முந்நூறு வாய், வெளியில ஒண்ணும் இல்ல. இதுக்கு நேர்மாறா ஸ்வீடன்ல 2014-ல வந்த ஆய்வுல, கோடையில பிந்திப் பூக்கிற சிவப்பு குளோவர்ங்கிற தீவனப் பயிர் இருந்த இடங்கள்ல ராணியும் ஆணும் கூடுதலா இருந்துச்சு. அதனால எவ்வளவு பூ இருக்குன்னு மட்டும் கேக்காதீங்க, எந்த மாசத்துல இருக்குன்னு கேளுங்க.

கேள்வி: தேனீப்பெட்டி நாலு வச்சா மகரந்தச் சேர்க்கை நடந்துடுமே, காட்டுத் தேனீயைப் பத்தி விவசாயி ஏன் கவலைப்படணும்?

எல்லாப் பயிருக்கும் நடக்காதுங்க. தக்காளிப் பூவை கையில எடுத்துப் பாருங்க, நடுவுல மஞ்சளா ஒரு கூம்பு மாதிரி இருக்கும், மகரந்தம் அதுக்குள்ள அடைஞ்சு கிடக்கு, நுனியில இருக்கிற துளை வழியாத்தான் வெளிய வரும். பம்பிள்பீ அந்தக் கூம்பை வாயால கவ்விப் பிடிச்சுக்கிட்டு தலைகீழா தொங்கி, இறக்கையை மடக்கி வச்சுட்டு தசையை மட்டும் நொடிக்கு சில நூறு தடவை அதிர வைக்கும், பறக்கும்போது வர்ற சத்தத்தைவிட கீச்சுன்னு ஒரு சத்தம் வரும், மகரந்தம் பொலபொலன்னு அதோட வயித்து முடி மேல கொட்டும். கவ்வுன இடத்துல கொஞ்ச நேரத்துல பழுப்பா ஒரு தழும்பு விழும், பசுமைக்குடில் வச்சிருக்கிறவங்க அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் இந்தப் பூவுக்கு வேலை முடிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சுக்குவாங்க. தக்காளி, கத்திரி, ப்ளூபெர்ரி எல்லாம் இந்த ரகம். தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

அப்புறம் குளிர். ஆப்பிள் பூக்கிற நேரத்துல மேகமூட்டம், சாரல், பத்து டிகிரின்னா தேனீ பெட்டியை விட்டு வெளியவே வராது, பம்பிள்பீ அப்பவும் வேலைக்குப் போகும். 2013-ல உலகம் முழுக்க 41 பயிர் சாகுபடி முறைகளோட தரவை சேர்த்துப் பார்த்தப்போ, காட்டுப் பூச்சிங்க வர்றது கூடுனா காய்ப்பிடிப்பு கூடுற அளவு, தேனீ கூடுறதால வர்றதைவிட ரெண்டு மடங்கு இருந்துச்சு. தேனீப்பெட்டி வேண்டாம்னு சொல்ல வரல. அதுபாட்டுக்கு இருக்கட்டும், ஆனா காட்டுப் பூச்சிங்களோட வேலையை அது செஞ்சிடும்னு நினைக்க வேண்டாம்.

கேள்வி: பீன்ஸ் பூவோட அடிப்பக்கம் குட்டியா ஓட்டை இருக்கு. புழுவா?

நீங்க எழுதினதை வச்சுப் பார்த்தா புழு இல்ல, திருட்டு. பிராட் பீன்ஸ் பூ நீளமான குழாய், தேன் அடியில. நீள நாக்கு உள்ள பம்பிள்பீ இனங்களுக்கு நாக்கு ஒரு செ.மீ.க்கு மேல இருக்கும், அது முறையா வாசல் வழியா தலையை விட்டு குடிச்சுட்டு, போற போக்குல மகரந்தச் சேர்க்கையும் பண்ணிட்டுப் போகும். வயல்ல ரொம்ப சாதாரணமா கிடைக்கிற குட்டை நாக்கு இனம் இருக்கே, அதுக்கு எட்டாது. அதனால பின்பக்கமா வந்து அடியில கடிச்சு ஓட்டை போட்டு உறிஞ்சிட்டுப் போயிடும். அதுக்கப்புறம் தேனீயும் வந்து அதே ஓட்டையில குடிக்கும், கஷ்டப்பட்டு கடிக்கிற வேலை கூட இல்ல. ஆனா ரொம்ப திட்டாதீங்க, மகரந்தம் வேணும்னு வரும்போது அதே குட்டை நாக்குக்காரனும் வாசல் வழியாத்தான் வருவான்.

கேள்வி: நீள நாக்கு, குட்டை நாக்குன்னு பார்த்து என்ன ஆகப்போகுது? ஏதோ ஒரு பூச்சி வந்தா சரிதானே?

நியூசிலாந்துக்காரங்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தாங்க, அப்புறம் கை சுட்டுச்சு. குடியேறினவங்க மாட்டுக்குத் தீவனமா சிவப்பு குளோவர் விதைச்சாங்க, ஜம்முன்னு வளர்ந்துச்சு, விதை மட்டும் சரியா பிடிக்கல. வருஷா வருஷம் இங்கிலாந்துல இருந்து விதை வாங்க வேண்டியதாப்போச்சு. அந்தப் பூக்குழாய்க்குள்ள எட்டுற நாக்கு அங்க இல்லைங்கிறதுதான் காரணம், அப்போ அந்த நாட்டுல பம்பிள்பீயே கிடையாது. 1885-ல இங்கிலாந்துல இருந்து தூங்குற ராணிங்களை குளிர்பதன வசதி உள்ள கப்பல்ல ஏத்திக் கொண்டுபோய் விட்டாங்க. நாலு இனம் அங்க நிலைச்சுருச்சு.

அதுல ஒண்ணு குட்டை முடி பம்பிள்பீன்னு ஒரு இனம். இங்கதான் கதை திரும்புது. இங்கிலாந்துல 1930-கள்ல இருந்து பூ நிறைஞ்ச புல்வெளிங்க சுமார் 97 சதவீதம் அழிஞ்சுது, உழுதாங்க, உரம் போட்டு வெறும் புல்லா மாத்தினாங்க, மண்ணுக்கு நைட்ரஜன் சத்து சேர்த்த குளோவருக்குப் பதிலா செயற்கை நைட்ரஜன் உரம் வந்துச்சு. கடைசியா 1988-ல டஞ்சனஸ்ங்கிற இடத்துல அந்த இனத்தைப் பார்த்தாங்க, 2000-ல அங்க அழிஞ்சதா அறிவிச்சாங்க. தாய்நாட்டுல இல்ல, கப்பல் ஏறிப்போன பேரன் பேத்திங்க மட்டும் நியூசிலாந்துல இருக்கு. அப்புறம் சுத்துப்பட்டு விவசாயிகளைப் பிடிச்சு, ஓரங்கள்ல பூ நிலம் உருவாக்க வச்சு, 2012-ல ஸ்வீடன்ல இருந்து ராணிங்களைக் கொண்டுவந்து டஞ்சனஸ்லயே விட்டாங்க. ஒரு தீவனப் பயிரை நிறுத்தினதுக்கு எவ்வளவு செலவு பாருங்க.

கேள்வி: கூடு எங்க கட்டும்? வயல்ல உழும்போது இதுவரைக்கும் ஒண்ணு கூட கண்ணுல பட்டதில்லைன்னு சொல்றாங்களே.

உழுற இடத்துல கட்டாது, அதான். காலியான எலி வளை அதுக்கு ரொம்பப் பிடிக்கும், எலி சேர்த்து வச்ச காய்ஞ்ச புல்லு, முடி எல்லாம் ரெடிமேடா கிடைக்கும். சில இனம் தரைக்கு மேல புல்லுப் புதர் அடியில பாசியை இழுத்துப் போட்டு மூடிக்கும். வசந்தத்துல குண்டா ஒரு ராணி தரையை ஒட்டி இப்படியும் அப்படியுமா பறந்து, சருகுக்குள்ள நுழைஞ்சு, வெளிய வந்து, திரும்ப அடுத்த பொந்துக்குள்ள எட்டிப் பார்த்துக்கிட்டே போச்சுன்னா, வீடு தேடுதுன்னு அர்த்தம்.

டார்வின் 1859-ல இதை வச்சு ஒரு சங்கிலி சொன்னார். பூனை நிறைய இருந்தா எலி குறையும், எலி குறைஞ்சா பம்பிள்பீ கூட்டை நாசம் பண்றது குறையும், அதனால சிவப்பு குளோவர் நல்லா விதை பிடிக்கும். அழகான சங்கிலிதான், ஆனா எலியே இல்லைன்னா வளைக்கு எங்க போறது?

நடைமுறையில பார்த்தா வேலி ஓரம், வரப்பு, வாய்க்கால் கரை, உழாத மூலை, இதுதான் வீடு. அங்க புல்லு அசிங்கமா வளர்ந்திருக்குன்னு மே மாசத்துல மொட்டையா வெட்டுனா, மேல கட்டுன கூடு வெட்டுற மெஷினோட சேர்ந்து போயிடும். குளிர்காலத்துல ராணி தூங்குறதுக்கு வேற இடம், பெரும்பாலும் வடக்குப் பார்த்த சரிவுல பொலபொலன்னு இருக்கிற மண்ணு, வெயில் படாம இருந்தாத்தான் நடு குளிர்ல ஒரு நாள் சூடு பார்த்து ஏமாந்து எழாது. வெள்ளம் வந்தா? கனடாவுல ஒரு ஆய்வகத்துல ஃப்ரிட்ஜ்ல தூங்க வச்ச ராணிங்க இருந்த குழாய்ல தண்ணி தேங்கிடுச்சு, போச்சுடான்னு எடுத்து வெளிய வச்சா எழுந்து நடக்குது. அப்புறம் வேணும்னே மூழ்கடிச்சுப் பார்த்திருக்காங்க, ஒரு வாரம் தண்ணிக்குள்ள இருந்ததுலயும் பெரும்பாலானது பிழைச்சுருச்சு. 2024-ல வந்த செய்தி இது.

கேள்வி: பூ தேடி எவ்வளவு தூரம் போகும்?

பார்க்கிறதுக்கு எவ்வளவு தூரம்னாலும் போற மாதிரி இருக்கும். இங்கிலாந்துல வயல் முழுக்க வேலைக்காரத் தேனீங்களோட மரபணுவைப் பார்த்து எது எதுக்கு அக்கா தங்கச்சின்னு கண்டுபிடிச்சு, அதை வச்சு கூடு எவ்வளவு தூரத்துல இருக்கும்னு கணக்கு போட்டாங்க. இனத்தைப் பொறுத்து சுமார் 450 மீட்டர்ல இருந்து 750 மீட்டர் வரைக்கும் வந்துச்சு. தேவைப்பட்டா இன்னும் தூரம் போகும், ஆனா போக வர எரிக்கிற தேன் கொண்டுவர்றதுல கழியும். ஒரே பயிரா ரெண்டு கிலோமீட்டர் நீட்டிக்கு இருந்தா நடுவுல இருக்கிற பூவுக்கு இவங்க வர்றது கஷ்டம், விவசாயிக்கும் நஷ்டம்.

கேள்வி: ஓரத்துல பூப்பட்டை விதைக்கிறாங்களே, அது நிஜமா எண்ணிக்கையைக் கூட்டுதா, இல்ல பக்கத்துல இருக்கிறதை இங்க இழுக்குதா? அரசாங்க மானியத்துக்கு படம் காட்டுற வேலைன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

நல்ல சந்தேகம். ரொம்ப நாள் இதுக்கு சரியான பதில் இல்ல, பூ வச்சா பூச்சி வரத்தானே செய்யும், அதை எண்ணி ரிப்போர்ட் எழுதிட்டா ஆச்சா. 2017-ல இங்கிலாந்துல அந்த மரபணு வித்தையையே வச்சு, ஒரு வருஷத்துக் கூட்டுல பிறந்த ராணிங்க அடுத்த வசந்தத்துல உயிரோட இருக்கான்னு குடும்பம் குடும்பமா தேடினாங்க. கூட்டைச் சுத்தி 250 மீட்டர்ல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள தரமான பூ நிலம் அதிகமா இருந்த குடும்பங்கதான் அதிகமா தப்பிப் பிழைச்சது, அதுவும் வசந்தகாலப் பூ இருந்தா இன்னும் நல்லது. ஆக, வெறும் இழுக்கிற வேலை இல்ல, பலன் இருக்கு.

ஆனா எதை விதைக்கிறாங்கங்கிறதுல ஏமாத்து இருக்கு. கலர் கலரா படத்துக்கு அழகா இருக்கிற ஒரு வருஷப் பூ கலவையைவிட, சிவப்பு குளோவர் மாதிரி பயறு வகைக் குடும்பத்துச் செடி ஆயிரம் மடங்கு மேல்னு நான் சொல்வேன். அதோட மகரந்தத்துல புரதம் அதிகம், குஞ்சு வளர்க்க அதுதான் வேணும். கூடவே ராணி எழுற நேரத்துக்கு வில்லோ மாதிரி சீக்கிரம் பூக்கிற மரம் ரெண்டு வேலியில நிக்கணும். சூரியகாந்தி மகரந்தத்துல புரதம் கம்மி, ஆனா அதை சாப்பிட்ட பம்பிள்பீ குடல்ல ஒரு வகை ஒட்டுண்ணி கணிசமா குறையுதுன்னு 2018-ல அமெரிக்காவுல கண்டுபிடிச்சாங்க. அதனால ஒரே பூவை நம்பாம கலந்து வைக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொண்ணு, பயிருக்கு உதவுற இனங்க ரொம்ப கொஞ்சம். 2015-ல வந்த பெரிய கணக்கெடுப்புல, தெரிஞ்ச காட்டுத் தேனீ இனங்கள்ல வெறும் 2 சதவீதம் தான் பயிர்ப் பூவுக்கு வர்ற காட்டுத் தேனீங்கள்ல கிட்டத்தட்ட 80 சதவீதம். பயிருக்கு லாபம்னு மட்டும் பார்த்தா இந்த சாதாரண இனங்களுக்கு பூ வச்சா போதும், அழிஞ்சுக்கிட்டு இருக்கிற அபூர்வ இனத்துக்கு அது பத்தாது. அதைக் காப்பாத்தணும்னா லாபக் கணக்கைத் தள்ளி வச்சுட்டுத்தான் பண்ணணும், வேற வழி இல்ல.

கேள்வி: பூச்சிமருந்து அடிச்சா சாகுமா?

பூ மேல நேரா அடிச்சா சாகும், அது எல்லாருக்கும் தெரியும். விதையில பூசுற நியோநிக்கோட்டினாய்டு வகை மருந்து வேற மாதிரி, செடி வளரும்போது தேன், மகரந்தம் வரைக்கும் கொஞ்சூண்டு ஏறிடும், உடனே கொல்லாது. 2012-ல பிரிட்டன்ல, வயல்ல கிடைக்கிற அளவுக்கே இமிடாகுளோபிரிட்ங்கிற அந்த வகை மருந்தைக் கலந்து ரெண்டு வாரம் கொடுத்துட்டு கூட்டை வெளிய வச்சாங்க, புது ராணி எண்ணிக்கை 85 சதவீதம் குறைஞ்சுது. ஸ்வீடன்ல 2015-ல நிஜ ரேப்சீட் வயல்லயே அதே வகையைச் சேர்ந்த குளோதியானிடின் பூசுன விதையை வச்சுப் பார்த்தாங்க, பம்பிள்பீ கூடு வளரவே இல்ல, தேனீப்பெட்டிங்களுக்கு பெருசா ஒண்ணும் ஆகல. தேனீயை மட்டும் சோதிச்சுட்டு மருந்து பாதுகாப்பானதுன்னு முத்திரை குத்துறது எவ்வளவு தப்புன்னு இதுலயே தெரியுது. ஐரோப்பிய யூனியன் 2018-ல இந்த வகையில மூணு மருந்தை திறந்தவெளியில தடை பண்ணிருச்சு.

கேள்வி: பசிச்சா செடியோட இலையைக் கடிக்குமாமே? வாட்ஸப் கதையா?

கதை இல்ல, நிஜம். ஸ்விட்சர்லாந்துல 2020-ல கண்டுபிடிச்சது. மகரந்தம் கிடைக்காத வேலைக்காரத் தேனீங்க இன்னும் பூக்காத செடியோட இலையில குட்டிக் குட்டியா ஓட்டை போடும், இலையை சாப்பிடாது, கூட்டுக்கும் கொண்டுபோகாது. அப்படிக் கடிபட்ட கருங்கடுகு ரெண்டு வாரம் முன்னாடி பூத்துச்சு, தக்காளி ஒரு மாசம் வரைக்கும் முன்னாடி. ஆய்வு பண்ணவங்க அதே மாதிரி கத்தியால ஓட்டை போட்டுப் பார்த்தாங்க, அந்த அளவுக்கு வேலைக்கு ஆகல.

கேள்வி: பெட்டியில விக்கிறாங்களே, வாங்கி வயல்ல விட்டா முடிஞ்சது இல்லையா?

பெல்ஜியத்துல 1987-ல ஆரம்பிச்ச வியாபாரம் அது, பசுமைக்குடில் தக்காளியை அடியோட மாத்துச்சு, அதை மறுக்க முடியாது. ஆனா வெளிய தப்பிச்சா? 1990-கள் கடைசியில ஐரோப்பிய இனத்தை சிலிக்குக் கொண்டுபோனாங்க, அது ஆண்டிஸ் மலையைத் தாண்டி 2006-லயே அர்ஜென்டினாவுக்குள்ள வந்துருச்சு. அந்தப் பக்கம் ஆரஞ்சு நிறத்துல, உலகத்துலயே பெரிய பம்பிள்பீ ஒண்ணு உண்டு, இவங்க போன இடத்துல எல்லாம் அது காணாமப் போய்க்கிட்டு இருக்கு, கூடவே ஒட்டுண்ணியும் பரவிருக்கு. உள்ளூர் இனத்துக்கு ஓரத்துல குளோவர் விதைக்கிறது இதைவிட மலிவு, அடுத்த வருஷமும் அதுவே வரும்.

கேள்வி: கடைசியா ஒண்ணு, கொட்டுமா?

பெண் கொட்டும், ஆணுக்குக் கொடுக்கே இல்ல. தேனீ மாதிரி கொடுக்கு மாட்டிக்காது, அதனால திரும்பத் திரும்பக் கொட்ட முடியும். ஆனா பூவுல இருக்கும்போது அதுக்கு சண்டை போட நேரமில்ல. ரொம்பக் கிட்ட விரலைக் கொண்டுபோனா நடுக்காலை ஒண்ணைத் தூக்கிக் காட்டும். அதை ஹாய் சொல்லுதுன்னு நினைச்சு போட்டோ எடுக்கிறவங்க இருக்காங்க. தள்ளிப் போன்னு சொல்லுதுங்க அது.